தராசு வைத்துத் தொடங்கிய வகுப்பு: புதுச்சேரியில் எட்டு ஞாயிற்றுக்கிழமை

ஆன்லைனில் பொருள் விற்கக் கற்றுத்தரும் வகுப்பு அது. ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை யாரையும் லேப்டாப்பைத் திறக்கச் சொல்லவில்லை. பாடம் நடத்தும் சார் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். "கூரியருக்குக் கொடுக்கிற மாதிரியே பேக் பண்ணி எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருந்தேன். யார் கொண்டாந்தீங்க?" என்றார். நான் எழுந்து போய் என் பெட்டியை வைத்தேன். ஜிப் கவரில் அரை கிலோ முந்திரிப் பருப்பு, மேலே அட்டைப் பெட்டி, சுற்றி டேப். தராசு 588 கிராம் காட்டியது.

"கூரியர்ல எவ்வளவு வாங்குறாங்க அக்கா?"

"தமிழ்நாட்டுக்குள்ள 90."

"அரை கிலோவுக்குள்ள இருந்தா?"

"50."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. போர்டில் என் கணக்கை எழுத ஆரம்பித்தார். பருப்பு கிலோ 760 ரூபாய்க்கு வாங்குகிறேன், அரை கிலோ 380. கவரும் லேபிளும் 10. பெட்டியும் டேப்பும் 20. கூரியர் 90. ஆக 500. நான் "டெலிவரி இலவசம்" என்று போட்டு விற்ற விலை 499. பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 2 சதவீதமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்துக்கொள்ளும். அது 11 ரூபாய் 78 காசு. ஒரு பை விற்றால் என் கையிலிருந்து ஏறத்தாழ 13 ரூபாய் போகிறது. அதுவரை 41 பை விற்றிருந்தேன். ஆர்டர் வரும்போதெல்லாம் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சார் அதே கவரிலிருந்து பருப்பை அள்ளி 400 கிராமாக்கினார். கொஞ்சம் சின்னப் பெட்டியில் போட்டு மறுபடி வைத்தார். 472 கிராம். பின்னாலிருந்து ஒரு தம்பி "50 ரூபாய்க்குள்ள வந்துடுச்சு" என்றான். அந்த ஒரு மணி நேரத்துக்கே நான் கட்டிய 4,500 ரூபாய் சரியாகப் போயிற்று என்று அன்றைக்கே நினைத்தேன். எட்டு வாரமும் முடிந்து, அதன் பிறகு எட்டு மாதம் வியாபாரம் செய்து பார்த்துவிட்டு, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என்னைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன், 44 வயது. கணவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். பிறந்த வீடு பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் காடாம்புலியூர் அருகே. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாட்டியோடு உட்கார்ந்து கொட்டை உடைத்திருக்கிறேன். கொட்டை ஓட்டு எண்ணெய் பட்டால் கை வெந்து தோல் உரியும், அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்போம். பருப்பைப் பார்த்தால் எனக்குத் தரம் தெரியும். விற்கத்தான் தெரியவில்லை.

இந்த வகுப்புக்கு முன்னால் வேறொரு இடத்தில் படித்தேன், அதையும் சொல்ல வேண்டும். 2023இல் போனில் ஒரு விளம்பரம் வந்தது. 99 ரூபாய் கட்டினால் மூன்று மணி நேர ஆன்லைன் வகுப்பு. அதன் கடைசியில் "இன்னும் ஏழு இடம்தான் பாக்கி" என்று திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. 90 நாளில் மாதம் ஒரு லட்சம் என்றார்கள். காதுத் தோட்டை அடகு வைத்து 24,999 கட்டினேன். வந்தது 64 வீடியோ. மனதைத் திடமாக வைத்துக்கொள்வது, பெரிதாகக் கனவு காண்பது, காலையில் நாலரைக்கு எழுந்திருப்பது என்று பாதி போயிற்று. மீதியில் பெரும்பங்கு, நாமும் இதே மாதிரி ஒரு கோர்ஸ் தயாரித்து மற்றவர்களுக்கு விற்பது எப்படி என்பது. பருப்பை எந்தக் கவரில் போடுவது என்று குழுவில் கேட்டேன். பதில் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, வீடியோவைத் திறந்துவிட்டீர்கள், இனி முடியாது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்று ஒன்று இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அதே நிலையில் இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டை மீட்க எனக்கு 14 மாதம் ஆனது.

அதனால் புதுச்சேரியில் இப்படி ஒரு வகுப்பு நடக்கிறது என்று அரியாங்குப்பத்தில் இருக்கும் என் நாத்தனார் சொன்னபோது முதலில் வேண்டாம் என்றேன். அவள் சொன்ன ஒரு விஷயம்தான் மனதை மாற்றியது: முதல் இரண்டு வகுப்பு முடிந்து பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், அதற்குப் பிறகு போனால் மிச்ச வாரங்களுக்கான பணம் கிடைக்கும். சும்மா சொல்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு பையன் நின்றுவிட்டான். எந்தப் பொருளையும் கையில் வாங்கி வைக்காமல், வேறொருவர் கிடங்கிலிருந்து நேராக அனுப்ப வைக்கும் டிராப் ஷிப்பிங் செய்ய வேண்டும் என்று வந்தவன் அவன். இந்த வேகம் தனக்குச் சரிவராது என்றான். சார் அங்கேயே போனை எடுத்து ஐந்து வாரத்துப் பணத்தை அனுப்பினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வகுப்பு நடந்தது. ஞாயிறு காலை 10 முதல் 1 வரை. இடம் நெல்லித்தோப்பில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. கடலூரிலிருந்து போக எளிது. அந்தச் சமயம் புதுச்சேரி பேருந்து நிலையம் தற்காலிகமாக ஏ.எஃப்.டி. திடலில் இருந்தது, அங்கே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம். வகுப்பு முடிந்து திரும்பும்போது மகாத்மா காந்தி சாலையில் சண்டே மார்க்கெட் நெரிசலாக இருக்கும். அங்கே கூவி விற்பவர்களைப் பார்த்துவிட்டு வரும்படி சார் இரண்டாவது வாரம் சொல்லி அனுப்பினார். கூட்டத்தில் ஒருவர் நின்று கையில் எடுத்துப் பார்க்க என்ன காரணம், எடுத்ததை வைத்துவிட்டுப் போக என்ன காரணம், ஐந்து பேரைக் கவனித்து எழுதி வர வேண்டும். நான் ஒரு பெட்ஷீட் கடையருகே முக்கால் மணி நேரம் நின்றேன். வாங்காமல் போன நான்கு பேரில் மூன்று பேர் அளவு கேட்டார்கள், கடைக்காரர் விலையைச் சொன்னார்.

இரண்டாவது வாரம் முழுக்கப் படமும் விவரமும்தான். முந்திரி வாங்க ஒருவர் கடைக்கு வந்தால் என்ன செய்வார்? ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பருமனைப் பார்ப்பார், எப்போது உடைத்தது என்று கேட்பார். போனில் வாங்குகிறவருக்கு இதில் ஒன்றும் முடியாது, எனவே அது அத்தனையும் நாம் எழுதியிருக்க வேண்டும் என்றார். எங்கள் ஊரில் 320 நம்பர், 240 நம்பர் என்று சாதாரணமாகச் சொல்வோம். ஒரு பவுண்டு எடையில், அதாவது 454 கிராமில், எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது. எனக்கு இது மூச்சு விடுவது மாதிரி பழக்கம், வாங்குகிறவருக்குத் தெரியாது என்று தோன்றியதே இல்லை. வகுப்பில் இருந்த 14 பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் 320 ஒன்று, 240 ஒன்று, பாதிப் பருப்பு ஒன்று வைத்து, ஜன்னலோரம் வெள்ளைச் சார்ட் பேப்பர் மேல் போனிலேயே படம் எடுத்தேன். இன்றுவரை அதிகம் பேர் பார்த்துவிட்டு ஆர்டர் போடும் படம் அதுதான்.

அதே நாளில் அவர் கேட்ட இன்னொரு கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. என் லேபிளில் "பண்ருட்டி முந்திரி" என்று அச்சடித்திருந்தேன். "கொட்டை பண்ருட்டில விளைஞ்சதா, பண்ருட்டில உடைச்சதா?" என்றார். ஊரில் இருப்பவர்களுக்கு இது தெரியும். எங்கள் பக்கம் உடைக்கும் கொட்டையில் நிறைய ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவது. நாட்டுக் கொட்டை பங்குனி முதல் ஆனி வரை வரும், அதை வைத்து வருடம் முழுக்க ஓட்ட முடியாது. எனக்குப் பருப்பு தருகிற மாமாவிடம் போய்க் கேட்டேன். "உன் பை ரெண்டும் கலந்ததுதான்டி" என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் லேபிளை மாற்றினேன். "காடாம்புலியூரில் உடைத்துத் தோல் நீக்கியது" என்று போட்டேன். சித்திரை, வைகாசியில் நாட்டுக் கொட்டையைத் தனியாக வாங்கி, அதற்குத் தனி லேபிள், 60 ரூபாய் கூடுதல் விலை. உண்மையைச் சொன்னதால் ஒருவரும் வேண்டாம் என்று போகவில்லை. வித்தியாசம் என்னவென்று விசாரித்தார்கள், சொன்னேன், சிலர் இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினார்கள்.

மூன்றாவது வாரத்து வீட்டுப்பாடம்தான் இந்த வகுப்பின் உயிர் என்று சொல்வேன். முன்பு வாங்கிவிட்டு மறுபடி வாங்காத பத்துப் பேருக்கு நேரில் போன் செய்து பேச வேண்டும். விற்கக் கூடாது. சலுகை எதுவும் சொல்லக் கூடாது. ஏன் மறுபடி கேட்கவில்லை என்று மட்டும் விசாரித்து, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி வர வேண்டும். எனக்குக் கை நடுங்கியது. முன்பின் பார்க்காதவர்களுக்குப் போன் செய்து குறை கேட்பது சாதாரணமா? ஆறு பேர் எடுத்தார்கள். ஒருவர் மறந்தே போய்விட்டதாகச் சொன்னார், ஒருவர் வீட்டில் சர்க்கரை நோய் வந்து முந்திரியைக் குறைத்துவிட்டார்கள். திருச்சியிலிருந்து ஒரு அம்மா சொன்னது மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது.

"பருப்பு நமுத்துப்போய் வந்துச்சும்மா. நல்ல பொண்ணா பேசுன, சொன்னா சங்கடப்படுவியேன்னு சொல்லல. வறுத்துப் பாயசத்துல போட்டுட்டேன்."

அந்தப் பை போன மாதத்தைப் பார்த்தேன், நவம்பர். கடலூரில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம்தான், துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. நான் மெல்லிய கண்ணாடிக் கவரில், மழை நாளில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேக் செய்திருக்கிறேன். அந்த அம்மா குறை சொல்லாமல் போய்விட்டார். அவர் மாதிரி இன்னும் எத்தனை பேர் சொல்லாமல் போனார்களோ! ஆர்டர் குறைந்தபோது நான் விளம்பரம் போதவில்லை என்று நினைத்து 1,400 ரூபாய் செலவு செய்தேன். காரணம் கவரில் இருந்தது. அடுத்த வாரமே உள்ளே அலுமினியப் பூச்சுள்ள தடித்த ஜிப் பைக்கு மாறினேன், பை ஒன்றுக்கு மூன்று ரூபாய் கூடியது, லேபிளைச் சிறிதாக்கி அதைச் சரிக்கட்டினேன். வெயில் ஏறிய பிறகு, காலை 11 மணிக்கு மேல்தான் பேக் செய்கிறேன். திருச்சி அம்மாவுக்கு அவர் கேட்காமலே ஒரு பை அனுப்பிவைத்தேன்.

வகுப்பில் மற்றவர்களுக்கும் இதே மாதிரி ஏதோ ஒன்று கிடைத்தது. வீராம்பட்டினத்திலிருந்து வந்த அக்கா கருவாடு விற்கிறார். வாடையால் கூரியரில் பார்சலை எடுக்க மறுத்தார்கள். வேக்யூம் பேக், அதன் மேல் இன்னொரு பை, அதற்கு மேல் மூடி போட்ட டப்பா என்று மூன்று அடுக்கு செய்து, வகுப்பறையில் மேசை மேல் ஒரு மணி நேரம் வைத்து, எல்லோரையும் முகர்ந்து பார்க்கச் சொன்னோம். வாடை வரவில்லை. அன்றைக்கு அந்த அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு அவரைப் பார்த்தாலே தைரியம் வரும். காலையில் கடற்கரைக்குப் போய் நெத்திலி ஏலம் எடுத்துக் காயப் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார்.

பணம் வாங்குவது பற்றிய வகுப்பில் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேராக யூபிஐயில் வாங்கினால் வியாபாரிக்குக் கட்டணம் இல்லை, எனவே கேட்வேயை விட்டேன். பணம் வாங்க ஒருபோதும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று யார் சொன்னாலும் அது மோசடி. பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் பேங்க் கணக்கைப் பார்த்த பிறகே பார்சலை அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் நான் 200 பேருக்கு அனுப்பிவிட்டு, யாரும் பதில் போடவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வைத்து, எண்ணைச் சேமிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாவது வாரம் சட்டமும் வரியும். விஷயம் முக்கியம், சொல்லிக்கொடுத்த விதம் சரியில்லை. வெளியிலிருந்து ஒரு கணக்காளரை அழைத்து வந்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போய்விட்டார். பாதிப் பேர் நோட்டை மூடிவிட்டார்கள். நான் அடுத்த நாள் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டரிடம் போய் ஒவ்வொன்றாகக் கேட்டுப் புரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது அவசியம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் விற்றுமுதல் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். ஆனால் வரி உள்ள பொருளை மாநில எல்லை தாண்டி விற்றால் இந்த வரம்பு எதுவும் உதவாது, ஒரே ஒரு பை அனுப்பினாலும் பதிவு வேண்டும். முந்திரிப் பருப்புக்கு 5 சதவீத வரி. நான் ஞாயிறுதோறும் பேருந்தில் ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடையில் புதுச்சேரிக்குள் நுழைந்தேன், அரை மணி நேரத்துக்குள் எல்லை வந்துவிடும். என் நாத்தனார் வீட்டுக்கு முந்திரி பார்சல் விற்றால் அது வெளிமாநில விற்பனை. நான் கன்னியாகுமரிக்கு அனுப்பினால் உள்மாநிலம். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் விசித்திரம். அவர்கள் கேரளக் கரையில் இருக்கும் மாஹேக்கும் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாமுக்கும் அனுப்பினால் உள்ளூர்க் கணக்கு, பக்கத்தில் இருக்கும் கடலூருக்கு அனுப்பினால் வெளியூர்க் கணக்கு. வகுப்புக்கு முன்பே நான் பெங்களூருக்கு இரண்டு, புதுச்சேரிக்கு ஒன்று என்று மூன்று பை அனுப்பியிருந்தேன். அதை ஆடிட்டரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் யோசனைப்படி இப்போது தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கிறேன். புதுச்சேரியில் கேட்பவர்கள் கடலூர் வரும்போது வீட்டில் நேராக வாங்கிப் போகிறார்கள்.

இதில் கைவினைப் பொருளுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. திருக்கனூரிலிருந்து வந்த தம்பி அப்பாவோடு சேர்ந்து காகிதக்கூழ் பொம்மை செய்கிறான், புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களை வெளிமாநிலத்துக்கு அனுப்ப, விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை; பான் கார்டும், சரக்கோடு அனுப்பும் இ-வே பில் என்ற சீட்டும் வேண்டும். காகிதக்கூழ் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெரிய தளங்களில் விற்க நினைப்பவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் இன்னொரு வசதியும் உண்டு. பதிவு இல்லாதவர்களும் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் அந்தத் தளங்கள் வழியே விற்கலாம்.

உணவுப் பொருளை வீட்டிலிருந்து பேக் செய்தாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயில் பதிவு வேண்டும். நான் பதிந்தபோது ஆண்டுக்கு 12 லட்சத்துக்குக் கீழ் விற்பவர்களுக்கு அடிப்படைப் பதிவு, கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். ஒரு ஏஜென்ட் இதற்கு 2,500 கேட்டிருந்தார். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம், அதற்கும் காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். லேபிளில் 14 இலக்க உரிம எண், நிகர எடை, பேக் செய்த மாதமும் ஆண்டும், எம்ஆர்பி, ஒரு கிராமின் விலை, முகவரி, புகார் சொல்ல போன் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். என் பழைய லேபிளில் இருந்தவை மூன்றுதான்.

வெப்சைட்டை ஆறாவது வாரம்தான் தொட்டோம். அதுவும் பெரிதாக இல்லை. திரும்பத் திரும்ப வாங்குகிற 30 பேர் சேரும் வரை தனி வெப்சைட் வேண்டாம், வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக் போதும் என்பது சாரின் கட்சி. எனக்கும் அது சரியாகவே படுகிறது. டொமைன் பெயர், அதாவது வெப்சைட்டின் முகவரி, அதை மட்டும் இப்போதே வாங்கி வைக்கச் சொன்னார், நம் மெயிலில், நம் பெயரில். முருங்கப்பாக்கத்தில் ஆரி வேலை ப்ளவுஸ் தைக்கும் ஒரு தங்கைக்கு வெப்சைட் செய்து தந்தவர் டொமைனைத் தன் பெயரில் பதிந்துவிட்டார், புதுப்பிக்கும் நேரத்தில் கேட்ட பணத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் வருடம் சலுகை விலைக்கு வரும் டொமைன் இரண்டாம் வருடம் முழு விலைக்குப் போகும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். இந்த வாரம் எனக்குக் கொஞ்சம் வேகமாகப் போயிற்று. கையில் கொடுத்த ஜெராக்ஸ் தாளில் இருந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் பழையவை, போனில் வருவது வேறு மாதிரி இருந்தது. ஒரு தம்பி பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தராவிட்டால் எனக்குப் புரிந்திருக்காது. அதைச் சார் சரிசெய்ய வேண்டும், அவரிடமும் சொல்லிவிட்டேன்.

ரிவியூ பற்றியும் ஒரு நாள் பேசினோம். சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போட வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்கென்றே 2022இல் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை வெளியிட்டிருக்கிறது. இந்த விமர்சனத்தை நான் சொந்தக் காசு கட்டிப் படித்துவிட்டு எழுதுகிறேன். எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. பெயர் போட வேண்டாம், 15 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, போன் வந்துகொண்டே இருந்தால் பதில் சொல்ல முடியாது என்றார். அதனால்தான் பெயர் இல்லை.

இப்போது வரவு செலவு. மாதம் ஏறத்தாழ 60 பை போகிறது. 400 கிராம் 399 ரூபாய் என்று வைத்து, கூரியர் 50 தனி என்று முதல் வரியிலேயே எழுதினேன். பருப்பு 304, பையும் லேபிளும் 10, பெட்டி 18, பைக்கு 67 ரூபாய் நிற்கும். இரண்டு பை சேர்த்து வாங்கினால் பெட்டியோடு 904 கிராம், ஒரு கிலோ கூரியருக்குள் அடங்கிவிடும், வாங்குகிறவருக்கு 10 ரூபாய் மிச்சம். தீபாவளி நேரத்தில் பருப்பு கிலோ 860க்குப் போனது. விலையை 40 ரூபாய் ஏற்றினேன். 399 என்று எம்ஆர்பி அச்சடித்த 120 லேபிளைக் கிழித்துப் போட வேண்டியிருந்தது, எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது. இப்போது விலை இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்து, ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிறேன். மாதம் 4,000 ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. காடாம்புலியூர் போய்வரும் பஸ் காசும் என் நேரமும் இதில் சேரவில்லை. வீட்டுச் செலவு இன்னும் கணவர் சம்பளத்தில்தான் ஓடுகிறது. மாதம் லட்சம் தேடி வருகிறவர்களுக்கு இந்த வகுப்பு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இந்த 4,000 எங்கிருந்து வருகிறது, 5,000 ஆக்க என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். திரும்ப வாங்குகிறவர்கள் 23 பேர் ஆகிவிட்டார்கள். 30 ஆனதும் வெப்சைட்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது ஓய்வதற்குள் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் பல இடங்கள் தண்ணீரில் நின்றன. என்னிடம் 11 ஆர்டர் பணம் வாங்கி வைத்திருந்தது. கூரியர் ஆபீஸ் திறக்கவில்லை. எட்டாவது வகுப்பில் சார் சொன்னது ஒன்றுதான்: தாமதமாகும் என்றால் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாம் சொல்லிவிட வேண்டும், பணம் வேண்டுமா, காத்திருக்கிறீர்களா என்று அவர்களையே கேட்க வேண்டும். கரன்ட் இல்லாமல், பவர் பேங்கில் இருந்த சார்ஜை வைத்து 11 பேருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ஒருவர் மட்டும் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மற்ற பத்து ஆர்டரும் டிசம்பர் 6ஆம் தேதி கிளம்பியது. அதில் இரண்டு பை திருச்சி அம்மாவுக்கு. கிடைத்ததும் போன் செய்தார். "இந்தத் தடவை மொறுமொறுன்னு இருக்கும்மா. அந்த மழையிலயும் எப்படி?" என்றார். புது பையைப் பற்றிச் சொன்னேன். தங்கை வீட்டு விலாசத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த வகுப்பு ஜூலையில். கட்டணம் 5,000 ஆக்கியிருக்கிறார். மாடியில் ஒரே ஒரு ஃபேன், கழிப்பறைக்குக் கீழே இறங்க வேண்டும், வயதானவர்களுக்குச் சிரமம். போகிறவர்கள் விற்கும் பொருளைக் கையோடு கொண்டுபோங்கள். பொருள் இல்லாமல் வந்த மூன்று பேர் முதல் மாதம் முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். தராசு அங்கே இருக்கிறது.